வயிற்றைக் காயப் போட்ட கோடை

எழுபதைத் தாண்டிவிட்ட நமக்கு இன்றைக்கு இரண்டு தடவை வயிற்றால் போனால் என்ன நடக்கிறது? என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மருமகள் மருந்துக்கடையில் வாங்கிவந்த பொட்டலத்தைக் கிழித்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறாள். "குடிச்சிடுங்கோம்மா, டீஹைட்ரேஷன் ஆயிடும்" என்று டாக்டர் மாதிரி அதட்டுகிறாள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவைக்கிறேன். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பழைய அறிமுகம் என்று அவளுக்குத் தெரியாது. அது தமிழுக்குள் வரமுடியாமல் எங்கள் வீட்டு வாசல் ரேழியில் நாலு நாள் நின்றுகொண்டிருந்தது. அதைச் சீட்டில் எழுதியவள் நான்.

நம் காலத்து வைத்தியம் உங்களுக்கு மறந்திருக்காது. குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றால் முதல் காரியம் அந்த அறையிலிருந்து தண்ணீர்க் கூஜாவை எடுத்துவிடுவது. பால் கிடையாது, கஞ்சி கிடையாது, ஜலம் நாக்கிலே படக் கூடாது. வயிற்றைக் காயப் போடுவது என்று அதற்குப் பெயர். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது கணக்கு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அந்த நியாயத்தில் எத்தனை தொட்டில்கள் காலியாயின என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

யுத்த காலத்துக் கோடை அது. எனக்குப் பத்து வயது. குண்டு விழும் என்ற பயத்தில் மயிலாப்பூரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. தெப்பக்குளத்துப் பக்கம் சாயங்காலம் போனால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். எங்கள் தெருவில் இருந்த ஒரே டாக்டரும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் தஞ்சாவூர்ப் பக்கம் போவதாகத்தான் இருந்தது. அத்தைதான் முடியாது என்றுவிட்டாள். அந்தப் பக்கம் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்றாள். அவள் புக்ககம் அங்கேதான் இருந்தது. ஏன் என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்து போய்விட்டது என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்திருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சே எழாது. ஐந்து பேர் செய்கிற வேலையை ஒருத்தியே செய்வாள். சாப்பாடு, சாமான், வைத்தியம் எல்லாம் அவள் சொன்னதுதான். அம்மா அவளுக்கு எதிரே உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் ரசாயன வாத்தியார். பாடங்களையெல்லாம் தமிழில் நடத்தவேண்டும் என்று வந்துவிட்ட சமயம். அதற்கு வேண்டிய சொற்களைத் தேடித் தரும் பொறுப்பில் ஒரு பங்கு அப்பாவிடமும் அவர் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதரிடமும் வந்து சேர்ந்திருந்தது. காகிதம் கிடைக்காத காலம். பழைய பரீட்சைத் தாள்களைக் கத்தரித்துச் சீட்டாக்கி, ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் தமிழ். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எழுதுகிற உத்தியோகம் எனக்கு. ரேழி மேஜையில் மைக்கூடும், பண்டிதரின் பொடிமட்டையும், சாஸ்திர விளக்கமெல்லாம் போட்ட அப்பாவின் இங்கிலீஷ் அகராதியும் இருக்கும். அந்த அகராதியைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

ஒரு நாள் டீஹைட்ரேஷன் என்ற இந்த வார்த்தை வந்தது. அப்பாவுக்கு ஒரே குஷி. தலை லத்தீன், உடம்பு கிரேக்கம் என்றார். ‘டி’ என்றால் அகற்றுவது, அது லத்தீன். ‘ஹைடோர்’ என்றால் தண்ணீர், அது கிரேக்கம். இரண்டு ஊர்க்காரர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்திருக்கிறான் வெள்ளைக்காரன் என்று சிரித்தார். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் மயில்துத்தம் கொஞ்சம் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். எப்பேர்ப்பட்ட நீலம் அது! பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் வாய்ப்பக்கம் வேர்த்தது. நீலம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் வெறும் சுண்ணாம்புத் தூள். ஆறின பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுரீரென்று ஒரு சத்தம், நீலம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிடுங்கி எடுத்தேன்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அப்பாவுக்குச் சட்டென்று நிர்ஜலீகரணம் என்று வந்தது. பண்டிதர் ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்துவிட்டு, "இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பையனுக்கு நாக்கு வறண்டு போயிடும் சார்" என்றார். நீர்நீக்கம் என்று வைக்கலாமா என்றார் அப்பா. இழப்பு என்று இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் பண்டிதர். நீக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும், இழப்புக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. நான்தானே விளக்கில் காட்டி நீக்குகிறேன், ஆள் இல்லாமல் என்ன என்பது அப்பா கட்சி.

மாடியில் வடாம் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கிவந்த அத்தையை அப்பா நிறுத்தினார். ஒரு பொருளிலிருந்து தண்ணி போயிடுத்துன்னா என்ன சொல்லுவே அக்கா என்று கேட்டார். எந்தப் பொருள் என்று அத்தை திருப்பிக் கேட்டாள். பால்னா சுண்டும், கிணறுன்னா வத்தும், பூ வாடும், துணி உலரும், வடாம் காயும், தொண்டை வறளும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை எப்படிடா வரும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பண்டிதர் அவள் போன திசையைப் பார்த்து, அம்மாவைக் கமிட்டியில் போட்டிருக்க வேண்டும் என்றார். சீட்டின் மறுபக்கம் காலியாகவே இருந்தது.

அதற்கு மறுநாள் தம்பிக்கு உடம்புக்கு வந்தது. பதினோரு மாசம் அவனுக்கு. கொழுகொழுவென்று, கையிலும் காலிலும் மடிப்பு மடிப்பாக, தூக்கினால் இடுப்பு ஒடியும். காலையில் நாலு தடவை வயிற்றால் போயிற்று. மத்தியானம் வாந்தி. பல் முளைக்கிற கோளாறு என்று அத்தை வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினாள். அப்புறம் உத்தரவு வந்தது. கூஜா, சொம்பு, டம்ளர் எல்லாம் சமையல் உள்ளுக்குப் போயின. அம்மா பால் கொடுக்கக் கூடாது.

 குழந்தை அம்மா மார்பை முட்டி முட்டி அழுகிறான். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை முன்புறம் நனைந்து சொட்டுகிறது. புடவைத் தலைப்பை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறாள். பத்து வயதுக் கழுதை எனக்கு அதன் அர்த்தம் என்ன தெரியும்? அம்மாவுக்கும் ஏதோ உடம்பு என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இனிமேல் பாதிப் பால் போதும் என்று சொல்ல அம்மா குழந்தையோடு போனாள். அவர் குழந்தையைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, கொயந்த இப்டி சுருண்டுகினு கீது? கன்னுக்குட்டிக்கு கயிஞ்சிதுன்னா நாங்க தண்ணி காட்டிக்கினே இருப்போம்மா. இல்லாங்காட்டி பூடும்."

பின்னால் நின்ற அத்தைக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. மாடும் மனுஷனும் ஒன்றா என்று கேட்டு அம்மாவை உள்ளே வரச் சொன்னாள். ஆனால் எனக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வந்ததே! அத்தை மாடிக்குப் போகிற நேரம் பார்த்து, பாவாடை நுனியைக் கிணற்றடித் தொட்டியில் நனைத்துக்கொண்டு வந்து தம்பி வாயில் வைத்தேன். கண்ணை மூடியபடியே அப்படி உறிஞ்சினான். பல் இல்லாத ஈறால் துணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். இன்னொரு தடவை நனைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை திரும்பினால் அத்தை நிற்கிறாள்.

தொடையில் ஓர் அறை விட்டாள். அதே நேரம் குழந்தை குடித்ததையெல்லாம் கக்கினான். "பாத்தியா? பாத்தியா? நீ அவனைக் கொன்னுடுவேடி" என்றாள். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பயம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. அன்றைக்கு முழுக்க நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. என்னால்தான் தம்பி சாகப்போகிறான் என்று மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் காலை பண்டிதர் வந்தார். பட்டியலைக் கொடுத்தாக வேண்டும், இந்த ஒரு சீட்டுதான் பாக்கி. குழந்தைக்கு எப்படி என்று விசாரித்தார். அக்கா பார்த்துக்கறா என்றார் அப்பா. அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்குப் பிள்ளை வியாதி என்றால் அது உள் விவகாரம். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். உள்ளே இருட்டு. தொட்டிலில் குழந்தை தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்.

ரசாயனக் குழாயைத் தவிர வேறு எங்காவது இந்த வார்த்தை புழங்குகிறதா என்று பண்டிதர் கேட்டார். அப்பா சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அகராதியைப் பிரித்தார். வைத்தியத்தில் வருகிறது என்று வகுப்பு நடத்துகிற குரலில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். வாந்தியாலும் பேதியாலும் உடம்பிலுள்ள நீர் போய்விடுவது. கூடவே உப்பும் போய்விடுவது. நாக்கு உலரும். கண் உள்ளே போகும். கைக்குழந்தையானால் உச்சிக்குழி பள்ளமாகும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நிற்கும். அழும்போது கண்ணீர் வராது. இழந்த நீரை உடனே ஈடு செய்யாவிட்டால் மரணம்.

"கேட்டீங்களா சார், இழந்த நீர்னுதான் அவனும் சொல்றான்" என்றார் பண்டிதர்.

உள்ளேயிருந்து தம்பி அழுகிற சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். மைக்கூட்டில் விட்ட பேனாவை நான் எடுக்கவில்லை. காலையில் அறையின் மங்கல் வெளிச்சத்தில் அம்மா மடியில் அவன் முகத்தைப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்து கோணிக்கொண்டு அழுதான். கன்னம் காய்ந்து கிடந்தது.

"அப்பா, நம்ம பாப்பா அழறான். கண்ணுல ஜலம் வரலைப்பா."

அப்பா புஸ்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசாமல் இரு என்றார். பண்டிதர்தான் பொடிமட்டையைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் ரேழியைத் தாண்டி அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. எழுந்து நின்று, "சார், புஸ்தகத்தை மூடுங்க. உள்ள போய்ப் பாருங்க" என்றார்.

அப்பா போனார். நான் பின்னாலேயே போனேன். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார். வெளிச்சத்தில் தம்பியைப் பார்த்த எனக்கே அடையாளம் தெரியவில்லை. மடிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கிழவனின் முகம். உச்சந்தலையில் ஒரு குழி. அப்பா குனிந்து வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விட்டார். அது அப்படியே நின்றது. அவர் கையில் இன்னமும் அந்தச் சீட்டு இருந்தது.

வெந்நீர் வேண்டும், உப்பு வேண்டும் என்றார். சமையல் உள் நிலைப்படியில் அத்தை வந்து நின்றுகொண்டாள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

"ஒரு சொட்டு உள்ளே போகப்படாது. போனா நீதான் பொறுப்பு."

"புஸ்தகத்துல போட்டிருக்குக்கா."

"உன் புஸ்தகம் பிள்ளை பெத்திருக்காடா? பெத்துப் பறிகுடுத்திருக்கா?"

 பிறந்ததிலிருந்து அப்பா அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தொட்டிலிலிருந்து அந்தக் காற்றுச் சத்தம் மறுபடி கேட்டது. "அக்கா, தள்ளிக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அத்தை நகரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி எடுத்து, எல்லார் எதிரிலும் மார்பில் வைத்துக்கொண்டாள். அத்தையின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

அப்புறம் அன்றைய பகல் முழுக்கப் பாலாடைச் சங்கால் புகட்டுவதுதான். கொதித்து ஆறிய ஜலத்தில் துளி உப்பு, பார்லிக் கஞ்சியின் தெளிவு, அம்மாவின் பால், மறுபடி ஜலம். கொடுத்தால் கக்குவான். அப்பா கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுப்பார். கக்குவான். மறுபடி. ஒவ்வொரு தடவை கக்கும்போதும் எல்லார் கண்ணும் அத்தை பக்கம் போகும். அவள் ஒன்றும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாடியில் வடாமை எடுக்க யாருக்கும் நினைவில்லை, காக்கைகள் கொண்டாடித் தீர்த்தன. பண்டிதர் ரேழி நாற்காலியிலேயே இருந்தார். நான் அடிக்கடி போய் அவருக்குச் செய்தி சொன்னேன். கக்கினான் என்பேன். சரி என்பார். கக்கலை என்பேன். அதற்கும் சரி என்பார். சாயங்காலம் தம்பி அப்பா மடியை நனைத்தான். பிள்ளை மூத்திரத்துக்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதர்களை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆனாலும் கண்ணில் ஜலம் வரவில்லை. அழுதான், குரல் கொஞ்சம் தெளிந்தது, கன்னம் மட்டும் காய்ந்தே இருந்தது. வேடிக்கையைப் பாருங்கள். அழாதே அழாதே என்று பிள்ளையைக் கொஞ்சுவோம். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு அழு அழு என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடிந்து பால்காரர் மாட்டின் மணி கேட்ட நேரம். தம்பி விழித்தான், பசி எடுத்துப் பிய்த்துக்கொண்டு கத்தினான். இடது கண் ஓரத்தில் ஒன்று திரண்டது. உருண்டு கன்னத்தில் இறங்கியது. அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அத்தை மூலையிலிருந்து எழுந்துவந்து, அந்தச் சொட்டை விரலால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"என் பிள்ளைக்கு மூணு வயசுடா. நன்னாப் பேசுவான். ஜலம் குடும்மா, ஜலம் குடும்மான்னு ரெண்டு நாள் கேட்டுண்டே இருந்தான். குடுக்கப்படாதுன்னா. நான் குடுக்கலை. அதுவும் இதேதானா?"

அப்பா திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"இல்லக்கா. அது வேற வியாதி" என்றார்.

என் ஆயுளில் அப்பா பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதைக்கூட நிலைக்கவிடவில்லை நான். நேற்றெல்லாம் நான்தான் கண்டுபிடித்தேன் என்ற கர்வம் தலைக்கு ஏறியிருந்தது. வகுப்பில் கையைத் தூக்குகிறவள் போல முந்திக்கொண்டு சொன்னேன்.

"இல்லப்பா, இதேதான். வாந்தி, பேதி, நாக்கு உலர்றது. நீங்கதானே படிச்சேள்?"

பத்து வயதுக் குழந்தைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். என் கணவரும் சொன்னார். நானும் எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எத்தனையோ உண்மைகளைச் சொல்லி எத்தனையோ பேரிடம் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன், ஒன்றுக்கும் வருந்தியதில்லை. அந்த ஒன்றை மட்டும் திருப்பி வாங்க முடிந்தால் என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவேன்.

அத்தை சரி என்று தலையை ஆட்டினாள். என்னைக் கோபிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது கேட்டது. காலையில் தண்ணீர் இறைப்பதுதானே என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. ரேழியில் பண்டிதர் என்னைக் கூப்பிட்டார். ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டு விடியுமுன் வந்துவிட்டிருந்தார். அப்பா சீட்டை மேஜைமேல் வைத்து, அவர் சொன்னதையே எழுது என்று எனக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காலியாக இருந்த பக்கத்தில் ‘நீரிழப்பு’ என்று முத்து முத்தாக எழுதி, மை உலர ஊதினேன். ராட்டினம் நிற்கவில்லை.

போய்ப் பார்த்தேன். அண்டா நிரம்பியிருந்தது. தவலை, குடம், வடாம் கிளறுகிற உருளி, முதல் நாள் ஒளித்துவைத்த கூஜா, சொம்பு, டம்ளர், என் சொப்புச் சாமான்கூட நிரம்பியிருந்தது. எல்லாம் வழிந்து கொல்லை முழுக்க ஈரம். அத்தை இறைத்துக்கொண்டே இருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது.

"அத்தை, எல்லாம் ரொம்பிடுத்து. போதும் அத்தை" என்றேன்.

அவள் திரும்பவில்லை. வாளியை மறுபடி உள்ளே விட்டாள்.

"இன்னும் கேட்டுண்டே இருக்கான்டி" என்றாள்.